வட்டை மாற்றலாம், இயங்குதளத்தை இழக்க வேண்டாம்

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுள் எடப்புளி நாடும் ஒன்று. அங்கே ஒரு வீட்டில் உள்ள பழைய அரசு மடிக்கணினி, பொத்தானை அழுத்திப் பல நிமிடங்கள் கழித்தே திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரவள்ளிப் பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு பழுதுபார்க்கும் கடையில் அதைக் கொடுத்தால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஃபார்மட் அடித்துப் புது ஓ.எஸ். போட்டால் சரியாகிவிடும்." தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இதே பதில் கிடைக்கும். ஆனால் மலையில் இருப்பவர் இதற்குக் கொடுக்கும் விலை அதிகம். அழிந்துபோனதைத் திரும்பப் பெற நல்ல இணைய இணைப்பும் வேண்டும், பல சமயம் இன்னொரு முறை மலை இறங்கவும் வேண்டும். இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ விரும்புவது இதுதான்: இத்தகைய கணினிகளில் பெரும்பாலும் தளர்ந்து போயிருப்பது ஹார்டு டிஸ்க். அதை மாற்றி, அதிலிருந்த இயங்குதளத்தை ஒரு பிட் கூடச் சிந்தாமல் புது வட்டுக்குக் கொண்டுபோக முடியும். முதலில் செய்ய வேண்டியது அதுவே. அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

எந்தக் கணினிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. கொள்முதலை எல்காட் நிறுவனம் செய்தது. முதல் ஆண்டுக்கு மட்டும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் திட்டமிடப்பட்டன. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புப் படித்தவர்கள் இவற்றைப் பெற்றார்கள். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மாணவர்கள் படிக்கும் அரசுப் பள்ளிகளும் இதில் அடங்கும். முதல் தலைமுறைக் கணினிகளில் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. அந்த ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்கள்: ஒன்று விண்டோஸ் 7, மற்றொன்று சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ். இந்த இரட்டை ஏற்பாடு பின்னால் நமக்கு முக்கியமாகப் போகிறது.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். மடிக்கணினி ஹார்டு டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. வேண்டிய தகவல் வட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆகவே சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர ஏறத்தாழ 12 மில்லிவினாடி. இரண்டும் சேர்ந்தால், ஒரு சின்னக் கோப்பைத் தொட 17 மில்லிவினாடிக்கு மேல் ஆகிறது. வினாடிக்கு அறுபது முறைகூட இப்படித் தொட முடியாது. இயங்குதளம் திறக்கும்போது செய்யும் வேலையோ இப்படிச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைப் படிப்பதுதான். இருபதாயிரம் துண்டுகள் என்று கொண்டால், முனை நகர்வதிலும் வட்டு சுழல்வதிலும் மட்டும் ஐந்தரை நிமிடத்துக்கு மேல் போய்விடும். விண்டோஸ் முன்கூட்டிப் படித்து வைக்கும் உத்திகளால் இதைக் குறைக்கப் பார்க்கும். ஆனால் 2 ஜிபி நினைவகத்தில் இடம் பற்றாமல் அது வட்டையே தற்காலிக நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கியதும் அந்த லாபமும் கரைந்துவிடும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டக்கூடிய, சில்லுகளில் தகவலை வைக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒரு துண்டைத் தொட அதற்கு ஏறத்தாழ 0.1 மில்லிவினாடி போதும். அதே இருபதாயிரம் துண்டுகளுக்கு இரண்டு வினாடி. செயலி மாறவில்லை, நினைவகம் மாறவில்லை. காத்திருப்பு மட்டும் போய்விட்டது. ஒரு பழைய கணினியில் ஒரே ஒரு பாகத்தை மாற்றுவதானால் அது ஹார்டு டிஸ்க்காக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

உயரமான இடத்தில் ஹார்டு டிஸ்க் கெட்டுவிடும் என்ற ஒரு சந்தேகம் எழக்கூடும். அதற்கு ஓர் அடிப்படையும் உண்டு. படிக்கும் முனை வட்டைத் தொடாமல் காற்றின் மெல்லிய படலத்தின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. காற்று மிகவும் மெலிந்தால் மிதக்க முடியாது. ஆனால் 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட 13 சதவீதம் அளவுக்கே குறைகிறது. சாதாரண ஹார்டு டிஸ்க்குகள் 3,000 மீட்டர் வரை இயங்கும்படி வடிவமைக்கப்படுபவை. ஆகவே கொல்லிமலையின் உயரம் குற்றவாளி அல்ல. உண்மையான ஆபத்துகள் இரண்டு. ஒன்று, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு வளைவுகளில் பயணம் செய்வது. முனை ஒதுங்கி நிற்கும்போது தாங்கும் அதிர்வில் பாதிக்கும் குறைவையே சுழலும் வட்டு தாங்கும். மற்றொன்று, பேட்டரி செத்துப்போய் மின்கம்பியை மட்டும் நம்பி ஓடும் கணினி, மின்சாரம் போகும்போதெல்லாம் பாதி எழுதிய நிலையில் அணைவது. பத்து வயது தாண்டிய கணினிகளில் இந்த இரண்டாவது மிகச் சாதாரணம்.

சரி, புது வட்டை வாங்கி, பழையதிலுள்ள கோப்புகளையெல்லாம் அதில் நகலெடுத்துப் போட்டால் போதாதா? போதாது. இந்தப் பிரச்சினையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் நிரல் வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கிறது. அதற்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது; இடம் மட்டும்தான் தெரியும். அந்த 512 பைட்டில் முதல் 446 பைட் ஒரு குட்டி நிரலுக்கும் ஒரு சில அடையாளக் குறிகளுக்கும் உரியது. அடுத்த 64 பைட், வட்டு எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை. கடைசி இரண்டு பைட் ஒரு முத்திரை. அந்தக் குட்டி நிரல் அடுத்த நிரலைத் தேடி எழுப்பும். அது விண்டோஸின் துவக்க மேலாளரை எழுப்பும். துவக்க மேலாளர் தன்னிடமுள்ள பதிவேட்டைப் பார்த்து, 'இன்ன அடையாள எண் கொண்ட வட்டில், இன்ன இடத்தில் தொடங்கும் பார்ட்டிஷனில் விண்டோஸ் இருக்கிறது' என்று தெரிந்துகொள்ளும். வட்டின் அடையாள எண் என்பது அந்த முதல் 512 பைட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் நான்கு பைட். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் முதல் 512 பைட்டும் வராது, அடையாள எண்ணும் வராது. பிறகு கோப்புகள் எல்லாம் முழுசாக இருந்தும் திரையில் ஒரு பிழைச் செய்தி மட்டும் நிற்கும். போதாததற்கு, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ரெஜிஸ்ட்ரி போன்ற உயிர்நாடிக் கோப்புகள் பூட்டப்பட்டிருப்பதால், சாதாரண நகலெடுப்பில் அவை வரவே வராது.

இரண்டு இயங்குதளங்கள் உள்ள வட்டில் சிக்கல் இன்னும் ஆழம். லினக்ஸின் க்ரப் என்ற துவக்கி நிரல், வழக்கமாகத் தன் ஒரு பகுதியை முதல் 512 பைட்டிலும், அடுத்த பகுதியை முதல் பார்ட்டிஷன் தொடங்குவதற்கு முன் காலியாக விடப்பட்டிருக்கும் இடைவெளியிலும் வைத்துக்கொள்கிறது. அந்த இடைவெளி எந்தப் பார்ட்டிஷனுக்கும் சொந்தமில்லை, எந்தக் கோப்புப் பட்டியலிலும் தெரியாது. கோப்புகளை எத்தனை கவனமாக எண்ணி எடுத்தாலும் அது விடுபட்டுப்போகும். கணினி துவங்காமல் நின்றுவிடும். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடியிலிருந்து மிளகைப் பறித்து மூட்டையில் கொண்டுபோகலாம். ஆனால் அடுத்த ஆண்டும் காய்க்க வேண்டுமானால் வேரும் மண்ணும் மரமும் கொடியும் சேர்ந்தே போக வேண்டும். பயனரின் படங்களும் பாடங்களும் மிளகு மூட்டை. அவற்றைப் பிரித்தெடுப்பதில் பிழையில்லை. இயங்குதளமோ, எந்த பைட் எந்த இடத்தில் இருக்கிறது என்ற ஒழுங்கையும் சேர்த்துத்தான் இயங்குதளம்.

அந்த ஒழுங்கைக் குலைக்காமல் நகர்த்துவதற்குக் குளோன் என்று பெயர். கோப்புகளைப் பார்க்காமல், வட்டின் பகுதிகளை இருக்கும் இடத்திலேயே, இருக்கும் வரிசையிலேயே மறு வட்டில் எழுதுவது. நியூசிலாந்தில் உருவான கோஸ்ட் என்ற மென்பொருள் 1990களின் நடுவில் இதைக் கணினிக் கடைகளுக்குள் கொண்டுவந்தது. 1998இல் அதை சைமன்டெக் வாங்கியது. இன்று காசு கொடுக்கத் தேவையில்லை. தைவானின் தேசிய உயர்திறன் கணிமை மையத்தில் உருவான குளோன்சில்லா கட்டற்ற மென்பொருள். அதை ஒரு பென்டிரைவிலிருந்து துவக்கலாம். அப்போது விண்டோஸும் ஓடாது, பாஸ் லினக்ஸும் ஓடாது. எந்தக் கோப்பும் பூட்டப்பட்டிருக்காது. புது வட்டை ஒரு சாட்டா–யு.எஸ்.பி. கேபிளில் வெளியே மாட்டிக்கொண்டால் போதும். பழைய ஹார்டு டிஸ்க்கும் சாதாரண 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.யும் ஒரே சாட்டா இணைப்பானைப் பயன்படுத்துவதால், நகலெடுத்து முடித்ததும் திருப்புளியால் மூடியைக் கழற்றி இடம் மாற்றி வைக்க வேண்டியதுதான். நேரம் எவ்வளவு ஆகும்? பழைய யு.எஸ்.பி. 2.0 வழியில் வினாடிக்கு 30 எம்பி என்று கொண்டால், 320 ஜிபி முழுவதற்கும் மூன்று மணி நேரம். குளோன்சில்லா பயன்பாட்டில் உள்ள பகுதிகளை மட்டும் எடுக்கத் தெரிந்தது. வட்டில் 90 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றால் ஐம்பது நிமிடம்.

இந்த முறையின் பெரிய சிறப்பு வேகம் அல்ல. பழைய வட்டு இதில் படிக்கப்படுகிறதே தவிர, எழுதப்படுவதில்லை. நடுவில் மின்சாரம் போனால் நேரம்தான் நட்டம், மறுபடி தொடங்கலாம். புது வட்டு திறக்காவிட்டால் பழையதை மாட்டி முந்தைய நிலைக்கே திரும்பலாம். ஃபார்மட் அடிப்பதில் இந்தத் திரும்பும் வழி கிடையாது. ஆபத்து ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அது மிகப் பெரியது: எது மூலம், எது இலக்கு என்பதை மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டால் வெற்று வட்டு நிறைந்த வட்டின் மேல் எழுதப்படும். இதற்காகவே பழையதும் புதியதும் வெவ்வேறு கொள்ளளவில் இருப்பது நல்லது என்பேன். 320, 500 என்று திரையில் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பெரிய வட்டாக வாங்க இன்னொரு காரணமும் உண்டு. 320 ஜிபி வட்டை 240 ஜிபிக்குள் திணிக்க, முதலில் பார்ட்டிஷன்களைச் சுருக்க வேண்டும். அது எழுதும் வேலை, பழைய வட்டைத் தொடும் வேலை. பெரியதற்குப் போனால் அந்தக் கவலை இல்லை. கூடுதல் இடம் வட்டின் கடைசியில் ஒதுக்கப்படாமல் கிடக்கும். நடுவில் லினக்ஸ் பார்ட்டிஷன் குறுக்கே நிற்பதால் விண்டோஸால் நேரடியாக அதை எட்ட முடியாது. ஜிபார்ட்டட் போன்ற கருவியால் புது வட்டில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். நகல் முடிந்தபின் இரண்டு வட்டுகளையும் சேர்த்து மாட்டிக்கொண்டு துவக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் விண்டோஸ் குழம்பும்.

இப்போது எதிர்வாதங்கள். புதிதாக நிறுவினால் குப்பையெல்லாம் போய்விடும், குளோன் செய்தால் குப்பையும் சேர்ந்தல்லவா வரும் என்பது வலுவான கேள்வி. வைரஸ் புகுந்த கணினிக்கு அது சரிதான். அங்கே குளோன் மருந்தல்ல. ஆனால் மெதுவாக ஓடுவதற்குக் காரணம் குப்பை என்று பலர் நினைப்பது, பெரும்பாலும் முன்பு கணக்கிட்ட அந்த 17 மில்லிவினாடிதான். அதே ஹார்டு டிஸ்க்கில் புது விண்டோஸ் போட்டால் சில வாரம் துள்ளும், பிறகு பழைய நிலைக்கே வரும். கடையில் போடப்படும் அந்தப் 'புது ஓ.எஸ்.' எது என்பதையும் கேட்க வேண்டும். அரசு பணம் கொடுத்து வாங்கிய உரிமமுள்ள விண்டோஸை அழித்துவிட்டு, உரிமப் பூட்டு உடைக்கப்பட்ட, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் முடக்கப்பட்ட ஒரு நகலைப் போடும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக உண்டு. கூடவே பாஸ் லினக்ஸும் மறைந்துபோகும். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் தாய்ப்பலகையோடு கட்டப்பட்டது. வட்டை மட்டும் மாற்றிக் குளோன் செய்தால் அது பொதுவாக அப்படியே நிலைக்கும்.

குப்பை என்று தள்ளிவிடப்படுவதில் எதெல்லாம் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும், குறிப்பாகத் தமிழில் வேலை செய்பவர்கள். தமிழ் எழுத்துக் குறியாக்கத்துக்கு யூனிகோடும் டேஸ்16உம் அரசின் தரமாக 2010இல் ஏற்கப்பட்டாலும், அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் அலுவலகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும் வானவில், பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களிலேயே ஆவணங்கள் அடிக்கப்பட்டன. அந்த எழுத்துரு கணினியில் இருக்கும் வரை அது தமிழ்; எழுத்துரு போய்விட்டால் அதே கோப்பு ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற குவியல். கோப்பைப் பத்திரமாக வேறிடத்தில் வைத்திருப்பவர்கூட, எழுத்துரு என்பது இயங்குதளத்துக்குள் நிறுவப்பட்ட ஒன்று, ஃபார்மட் அடித்தால் அது போய்விடும் என்பதை யோசித்திருக்க மாட்டார். தமிழ்99 விசைப்பலகை அமைப்பு, அச்சுப்பொறிக்கான டிரைவர், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், உதவித்தொகை விண்ணப்பத்துக்காக ஸ்கேன் செய்து எங்கோ வைத்த சாதிச் சான்றிதழ் எல்லாம் இந்த வகையே. 'எல்லாம் இப்போது கிளவுடில் இருக்கிறதே' என்பவர்களுக்கும் என் பதில் இதுதான்: கிளவுடில் கோப்புகள் இருக்கின்றன, அமைப்பு இல்லை. சிக்னல் எல்லா மூலையிலும் ஒன்றுபோல் எட்டாத மலையில், பல ஜிபி இயங்குதளத்தையும் அதன் புதுப்பிப்புகளையும் மறுபடி இறக்கிக்கொள் என்று சொல்வது எளிது, செய்வது கடினம்.

அடுத்த எதிர்வாதம்: ஏற்கெனவே பழுதான வட்டைக் குளோன் செய்தால் பழுதும் சேர்ந்து வரும். உண்மை. அதனால்தான் தொடங்கும் முன், வட்டு தன் நலத்தைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்க்க வேண்டும்; மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் ஆகிய இரண்டு எண்களும் பூச்சியமாக இருந்தால் நிம்மதி. அவை ஏறிக்கொண்டிருந்தால் சாதாரணக் குளோன் கூடாது. டிடிரெஸ்க்யூ என்ற கட்டற்ற கருவி, நன்றாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் முயலும், எங்கே நின்றது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளும். அப்படியும் இயங்குதளத்தின் முக்கியக் கோப்பு ஒன்று கெட்ட செக்டரில் சிக்கியிருந்தால் புது வட்டு திறக்காமல் போகலாம். அப்போது கோப்புகளை மட்டும் மீட்டு, புதிதாக நிறுவுவதுதான் வழி. எஸ்.எஸ்.டி. முன்னறிவிப்பின்றி ஒரே நாளில் செத்துவிடும், ஹார்டு டிஸ்க் சத்தம் போட்டாவது எச்சரிக்கும் என்று சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குளோன் செய்தபின் பழைய வட்டை உடனே அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகவும்தான். ஓர் உறை வாங்கிப் போட்டால் அது வெளிவட்டாகும், மாதம் ஒருமுறை கணினி துவங்கியபின் அதை மாட்டிக் கோப்புகளை நகலெடுக்கலாம். என்றாவது அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும்போது முழுவதும் அழித்துவிட்டுப் போட வேண்டும். குடும்பத்தின் அத்தனை சான்றிதழ்களும் அதில் இருக்கின்றன.

பாதுகாப்பைப் பற்றிய எதிர்வாதத்தை நான் முழுதாக ஏற்கிறேன். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இலும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு ஏற்பாடும் அதன் பட்டியலிலுள்ள புதிய செயலியும் 2011ஆம் ஆண்டுக் கணினியில் கிடையாது. வங்கி வேலைக்கும் இணையத்துக்கும் அந்தப் பழைய விண்டோஸைப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் இதுவும் குளோனுக்கு எதிரான வாதம் அல்ல. ஏற்கெனவே லினக்ஸுக்கென்று ஒரு பார்ட்டிஷன் வைத்திருக்கும் கணினி இது. முதலில் முழுதாகக் குளோன் செய்து, புது வட்டின் லினக்ஸ் பகுதியில் இன்றும் புதுப்பிப்புகள் வரும் ஓர் இலகுவான லினக்ஸை நிறுவி, இணையத்துக்கு அதைப் பயன்படுத்தலாம்; பழைய எழுத்துரு ஆவணங்களுக்கு மட்டும் விண்டோஸை இணைப்பின்றித் திறக்கலாம். தவறினாலும் இழப்பில்லை, பழைய வட்டு மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது. கேரளத்துப் பள்ளிகள் பல ஆண்டுகளாகத் தங்களுக்கென்று வடிவமைத்த லினக்ஸிலேயே பாடம் நடத்துகின்றன. மாணவர்களுக்கு அது போதாது என்று சொல்ல இடமில்லை.

புதிய கணினிகளில் வேலை கொஞ்சம் மாறும். யுஇஎஃப்ஐ முறையில் பார்ட்டிஷன் அட்டவணையின் ஒரு காப்பு நகல் வட்டின் கடைசியில் இருக்கும். பெரிய வட்டுக்குப் போனபின் அதை மீண்டும் கடைசிக்கு நகர்த்த வேண்டும். பிட்லாக்கர் போன்ற குறியாக்கம் இயங்கினால், மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு, அதை நிறுத்திவிட்டே குளோன் செய்ய வேண்டும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அவையும் ஒருநாள் பழசாகும். பள்ளிகளில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களும், மலையடிவாரத்தில் பழுதுபார்க்கும் கடை நடத்துபவர்களும் ஒரு குளோன்சில்லா பென்டிரைவையும் ஒரு சாட்டா கேபிளையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாணவர் கணினியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால், ஃபார்மட் என்று சொல்வதற்கு முன் வட்டின் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். எதை அழிப்பதானாலும் முதலில் ஒரு முழு நகல் எடுத்து, பழைய வட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.